மதிலுக்கு வெளியே

விடுதலைக்காகப் போராடுகிறவன் எதைச் செய்தாலும் தகும் என்று சிலர் வாதாடும்போதெல்லாம் எனக்கு அலேசியாவின் நினைவு வருகிறது.

இன்றைய பிரான்ஸ் அன்று கௌல் தேசம். கெல்டிக் குலத்தார் பலர் தமக்குள் பூசலிட்டு வாழ்ந்த பூமி. ஜூலியஸ் ஸீஸர் அவர்களை ஒவ்வொருவராக அடக்கி வந்தான். கி.மு. 52-இல் ஆர்வெர்னி குலத்து இளைஞன் வெர்சிங்கெடோரிக்ஸ் பல குலங்களை ஒன்றுசேர்த்து எழுந்தான். ரோமருக்கு ஒரு பிடி தானியமும் கிடைக்கக் கூடாதென்று சொந்த ஊர்களையே கொளுத்தச் சொன்னான். அவரிகம் நகரத்தார் மட்டும் எல்லாருடைய காலிலும் விழுந்து கெஞ்சினார்கள். மனம் இளகி அதை விட்டு வைத்தான். ஸீஸர் அந்த நகரைப் பிடித்தான். உள்ளே இருந்த 40,000 பேரில் தப்பியவர் 800 பேர்தானாம். அவனே எழுதி வைத்திருக்கிறான்.

இரக்கத்துக்குக் கிடைத்த இந்தக் கூலியை அந்த இளைஞனால் மறந்திருக்க முடியுமா?

அதே ஆண்டில் அலேசியாக் குன்றின் மேல் 80,000 வீரரோடு அவன் முற்றுகையில் சிக்கினான். கையில் 30 நாள் தானியம். அதுவும் தீர்ந்தது, துணைப்படை வரவில்லை. சபை கூடிற்று. சரணடைவோம் என்றார்கள் சிலர். போருக்கு உதவாதவர்களின் மாமிசத்தைத் தின்றாவது பொறுத்திருப்போம் என்றான் கிரிட்டோக்னாட்டஸ் என்ற பிரபு. (தோற்றவனின் பேச்சை வென்றவன் எழுதியிருக்கிறான் என்பதை நாம் மறக்க வேண்டாம்.) சபை அவ்வளவு தூரம் போகவில்லை. உதவாதவர்களை வெளியே அனுப்பிவிடுவதென்று முடிவாயிற்று.

போனவர்கள் மந்துபியர். அலேசியா அவர்களுடைய ஊர்! வந்தவர்களுக்கு இடம் கொடுத்தவர்களும் அவர்களே. பெண்டு பிள்ளைகளோடு ரோமரின் அரணருகே வந்து, அடிமைகளாகவாவது எடுத்துக்கொண்டு சோறு போடுங்கள் என்று அழுதார்கள். ஸீஸர் காவல் வைத்துத் தடுத்தான். அவனுடைய நூலில் அவர்கள் கதை அதோடு நின்றுவிடுகிறது. நடுவெளியிலேயே மாண்டார்கள் என்று பின்னாளில் காஸியஸ் டியோ எழுதுகிறான்.

ஸீஸரைக் கொடியவன் என்பது சுலபம். அவன் பகைவன், மந்துபியர் வீட்டில் அவன் கை நனைத்ததில்லை. வெர்சிங்கெடோரிக்ஸுக்காக வாதாட நானும் முயன்று பார்த்தேன். முன்பு இளகியதால் ஒரு நகரம் போயிற்று, இப்போது இளகினால் தேசமே போகும் என்று அவன் நினைத்திருக்கலாம். கணக்கு சரிதான். ஆனால், வீட்டுக்காரனை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவை அடைத்துக்கொண்ட பிறகு, உள்ளே இருப்பவர்கள் யாருடைய விடுதலைக்காகக் காத்திருந்தார்கள்? ஊரைத் தந்தவர்களிடம், உயிரையும் தருகிறீர்களா என்று ஒருவராவது கேட்டதாகத் தெரியவில்லை.

துணைப்படை வந்தது, தோற்றது. மறுநாள் அவன் சபையின் முன் நின்று, என்னைக் கொன்றோ உயிரோடோ ரோமரிடம் ஒப்படையுங்கள் என்றான். பெருந்தன்மைதான். அதற்குள் மந்துபியர் வெளியேறிவிட்டிருந்தார்கள்.

ஆறாண்டுச் சிறைக்குப் பின் கி.மு. 46-இல், ஸீஸரின் வெற்றி ஊர்வலத்தையொட்டி அவனைக் கொன்றார்கள். 1865-இல் மூன்றாம் நெப்போலியன் வைத்த அவனது சிலை அந்தக் குன்றின் மேல் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. மந்துபியர் நின்று அழுத இடம் கீழே, அடிவாரத்துப் பக்கம்தான் எங்கோ இருக்க வேண்டும்.