பொய்ச் சபையும் மெய்த் தைரியமும்

பொய்யான மனிதர்களைக் கொண்டு ஒருவனுடைய மெய்யான பயத்தைப் போக்க முடியுமா? முடியும் என்றால், அப்படிப் போக்குவது சரியா?

முதல் கேள்வி கதை எழுதிப் பிழைக்கிற எனக்குப் பெரிய புதிர் அல்ல. இல்லாத ஒருத்தியைத் தாளில் பிறக்க வைத்து, தாளிலேயே சாகவும் விடுகிறேன். எங்கோ இருக்கிற வாசகர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பொய்க்கு அவ்வளவு சக்தி உண்டு.

இரண்டாவது கேள்விதான் என்னை உறுத்துகிறது. நாலு பேர் நடுவில் வாயைத் திறக்கவே நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சபைக் கூச்சம் என்று நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். அது முற்றினால் உத்தியோகத்துக்கான பேட்டிக்குப் போகாமல், கல்யாண வீட்டுக்குப் போகாமல், ஒரு வாழ்வே உள்ளறையில் முடங்கிவிடும். இவர்களுக்கு இப்போது 'விர்ச்சுவல் ரியாலிட்டி' மூலம் வைத்தியம் செய்கிறார்கள். கண்களை மூடும் ஒரு கவசம். அதற்குள்ளே ஒரு மண்டபம். தலையைத் திருப்பினால் மண்டபமும் அதற்கேற்பத் திரும்புகிறது. முதலில் காலி நாற்காலிகள். பிறகு சில முகங்கள். பிறகு நிறைந்த சபை. வைத்தியர் அருகில் இருந்து, பயம் தணியத் தணியக் கூட்டத்தைக் கூட்டுகிறார்.

படிப்படியாகப் பயத்தை நெருங்கும் இந்த முறை புதிதல்ல. தென்னாப்பிரிக்காவில் பிறந்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1958-ல் வெளியிட்ட நூலிலேயே இதை விளக்கியிருக்கிறார். உடலைத் தளரவிட்டு, அஞ்சும் காட்சிகளைச் சிறியதிலிருந்து பெரியதாக மனத்தில் கற்பனை செய்யச் சொன்னார் அவர். கற்பனை செய்ய வராதவனுக்கு யந்திரம் இன்று கற்பனையைக் கடன் கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பொம்மைச் சபைக்கு வலுவும் இருக்கிறது. லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 2002-ல் வெளியிட்ட சோதனையில், சிரத்தையில்லாமல் முகம் திருப்பிக்கொண்ட பொம்மைகளின் முன்னே, இயல்பில் சபைக்கு அஞ்சாதவர்கள்கூடக் கலங்கினார்கள். எதிரே இருப்பது பொம்மை என்று தெரிந்தே கலங்கினார்கள்!

"பொய்யால் வந்த தைரியம் பொய்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகியவனைப் பொய் நீச்சல்காரன் என்று யார் சொல்கிறார்கள்? மேலும் இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கவசத்தை மாட்டிக்கொள்கிறவன் தெரிந்தேதான் மாட்டிக்கொள்கிறான். ஏமாற்றுதல் இல்லாத இடத்தில் பொய் என்ற பாவமும் இல்லை.

என் சங்கடம் வேறு. பொம்மைச் சபைக்கு மனம் கிடையாது. அதன் முன் எதைச் சொன்னாலும் எவரும் புண்படுவதில்லை, வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம். நிஜ மனிதர்களிடம் நமக்கு ஏற்படும் அச்சத்திலோ, அவர்களும் ஒரு பொருட்டு என்ற மரியாதை கொஞ்சம் கலந்திருக்கிறது. நோயை அறுக்கும்போது அந்த மரியாதையும் சேர்ந்து அறுபட்டுவிடக் கூடாது. வள்ளுவர் 72-ஆவது அதிகாரத்துக்கு 'அவையறிதல்' என்றும், அதை அடுத்ததற்கு 'அவையஞ்சாமை' என்றும் பெயர் வைத்தார். அறிந்த பிறகே அஞ்சாமை. யந்திரம் அஞ்சாமையைப் பழக்கலாம்; அவையை அறிவதற்கு மனிதர்களிடம்தான் வந்தாக வேண்டும்.

வருகிறவனை நாம் எப்படி வரவேற்கிறோம்? அமெரிக்காவில் அட்லாண்டாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கூச்ச நோயால் அவதிப்பட்ட 97 பேரில் ஒரு பகுதியினருக்கு யந்திரச் சிகிச்சை, ஒரு பகுதியினருக்கு, தம்மைப் போன்றவர்களே கூடியிருந்த சிறு குழுவில் பேசிப் பழகும் சிகிச்சை, மற்றவர்கள் காத்திருந்தார்கள். சிகிச்சை பெற்ற இரு சாராரும் காத்திருந்தவர்களைவிட நன்கு தேறினார்கள். ஒரு வருஷம் கழித்தும் அந்தக் குணம் நிலைத்திருந்தது. இரு முறைகளுக்கும் இடையே பெரிய ஏற்றத்தாழ்வு காணப்படவில்லை.

யந்திரத்தின் வெற்றியை மெச்சுகிறவர்கள் இதன் மறுபாதியையும் பார்க்க வேண்டும். பொறுமையாகக் கேட்கும் சில மனிதர்களும் அதே அளவுக்கு மருந்தாக இருந்திருக்கிறார்கள். அந்த மருந்துக்குக் கவசம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். திக்கித் திக்கிப் பேசும் ஒருவன் தன் வாக்கியத்தை முடிக்கும்வரை நாம் சிரிக்காமல், குறுக்கிடாமல் காத்திருந்தால் போதும். அந்தச் சிறு மரியாதை நம்மிடம் அரிதாகிவிட்டதால்தானோ என்னவோ, அவன் பொம்மைகளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. போகட்டும், குணமாகி வரட்டும். வரும்போது நிஜச் சபை, பொம்மைச் சபையைவிடக் கொடியதாக இருந்தால் அந்தக் குற்றம் யந்திரத்தினுடையது அல்ல.