நான் இல்லை, அவர்தான்

வையம்பட்டியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு பழைய பிரெஸ்டீஜ் குக்கர் உண்டு. கேஸ்கெட் ஏழெட்டு முறை மாறியிருக்கும், குக்கர் அதேதான். அம்மாவுக்கு டிடிகே என்றால் அந்த குக்கர். சென்னைக்கு வந்த பிறகு எனக்கு அது ஆழ்வார்பேட்டை பக்கம் டிராஃபிக்கில் நிற்கிற ஒரு சாலை. டி.டி.கிருஷ்ணமாச்சாரி இரண்டு முறை இந்தியாவின் நிதியமைச்சராக இருந்து, இரண்டு முறையும் ராஜினாமாவில் முடித்தவர் என்பது முப்பது வயது தாண்டித்தான் தெரியும். தேடிப் படிக்க வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை.

என் டீமில் ஒரு பையன், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். அவன் எழுதிய கோடை ரிவ்யூ செய்ய வேண்டியவன் நான். ஊருக்கு பஸ் பிடிக்கிற அவசரம். நாற்பது வரிதானே என்று படிக்காமலே அப்ரூவ் அழுத்திவிட்டுக் கிளம்பினேன். பஸ் பெரம்பலூர் தாண்டும்போது போன் வந்தது. வாடிக்கையாளர்களின் கணக்கில் இரண்டு தடவை பணம் பிடித்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் கேட்டார், "இது உங்களுக்குத் தெரியுமா?" "தெரியாது சார், அவன்தான் பண்ணினான்" என்றேன். பொய் இல்லை. நிஜமாகவே எனக்குத் தெரியாது. மூன்று மாதத்தில் அவன் வேலையில் இல்லை, நான் இருந்தேன்.

டிடிகே 1899இல் பிறந்தவர். 1928இல் சென்னையில் அவர் ஆரம்பித்தது ஏஜென்சி வியாபாரம். லீவர் பிரதர்ஸின் சோப்பு போன்ற வீட்டுச் சாமான்களைக் கடை கடையாகக் கொண்டு சேர்க்கிற தொழில். 1937இல் சென்னைச் சட்டமன்றம், பிறகு அரசியல் நிர்ணய சபை, 1952இல் வர்த்தக தொழில்துறை அமைச்சர், 1956இல் நிதி. வியாபாரி நிதியமைச்சரானால் வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம் என்றுதான் நாம் நினைப்போம். இவர் 1957இல் செல்வ வரியும் செலவு வரியும் கொண்டுவந்தார். சொந்த வர்க்கத்தின் மடியிலேயே கைவைத்தவர் என்பதால்தான் இவர் கதை எனக்கு லேசாக முடியவில்லை.

அதே 1957 ஜூனில் எல்ஐசி, ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனிகள். முதலீட்டுக் குழுவைக் கேட்கவில்லை. பணம் பாலிசிதாரர்களுடையது. டிசம்பரில் நாடாளுமன்றத்தில் இதைக் கிளப்பியவர் ஆளுங்கட்சி எம்பி, அதிலும் நேருவின் மருமகன் பெரோஸ் காந்தி. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா விசாரித்தார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்களாம். நிதித்துறைச் செயலாளர் எச்.எம்.படேல், அமைச்சரின் சம்மதம் இருந்தது என்றார். டிடிகே இல்லை என்றார். தன் செயலாளர் செய்ததற்கு அமைச்சர் முழுப்பொறுப்பு ஏற்க வேண்டும் என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் டிடிகே ராஜினாமா செய்தார். நேரு மனமில்லாமல்தான் ஏற்றார். (அந்தப் படேல் 1977இல் ஜனதா ஆட்சியில் நிதியமைச்சரானது தனிக்கதை.)

டிடிகேவுக்கு நிஜமாகவே தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எனக்கு உறுத்துவது அவருடைய பழைய தொழில். ஏஜென்சி வியாபாரத்தின் அடிப்படையே, ஏஜென்ட் தன் அதிகாரத்துக்குள் பேசி முடித்த பேரம் முதலாளியைக் கட்டும் என்பதுதான். "எனக்குத் தெரியாம என் ஆள் வாங்கிட்டான்" என்று கடைக்காரரிடம் சொன்னால் யார் அடுத்த முறை சரக்கு கொடுப்பார்கள்? சோப்பு விற்கும்போது எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சட்டம், நாற்காலி பெரிதாகும்போது எப்படி மறந்துபோகிறது?

இதற்கு எங்கள் பக்கத்திலேயே ஓர் எதிர்க்கதை உண்டு. திருச்சி தாண்டி கார்டு லைனில் போகிற ரயில் அரியலூரைக் கடக்கும். அப்போது அதுவும் எங்கள் திருச்சி மாவட்டம்தான். 1956 நவம்பரில் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேல் செத்துப்போனார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அந்தப் பாலத்தை அவர் கட்டவில்லை. 'தெரியாது' என்று சொல்ல அவருக்கு டிடிகேவைவிடப் பெரிய உரிமை இருந்தது.

ஆனால் டிடிகேவைச் சின்ன மனுஷன் என்று ஒதுக்கவும் முடியவில்லை. 1948 நவம்பர் 5 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் எழுந்து ஒன்றைப் போட்டு உடைத்தார். வரைவுக்குழுவில் ஏழு பேர். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில், மற்றவர்களுக்கு வேறு வேலை, தூரம், உடம்பு சரியில்லை. கடைசியில் பாரம் முழுக்க அம்பேத்கர் தலையில் விழுந்தது என்றார். அவரே பிறகு அந்தக் குழுவில் உறுப்பினரானார். "மத்தவங்க இல்ல, அவர்தான்." பத்து வருஷம் கழித்து படேல் விஷயத்திலும் கிட்டத்தட்ட அதே வாக்கியம். ஒரே வாய், ஒரே இலக்கணம். ஒரு தடவை பெருந்தன்மை, இன்னொரு தடவை வேறென்னவோ. இரண்டுமே உண்மையாகக்கூட இருக்கலாம். உண்மையைச் சொன்னால் போதும் என்று நம்பி வளர்ந்த எனக்கு இது ரொம்ப நாள் செரிக்கவில்லை.

அவர் திரும்பி வந்தார். 1963இல் மறுபடி நிதி. அடுத்த வருடம் ஐடிபிஐ, யூனிட் டிரஸ்ட் எல்லாம் வந்தன. 1965 கடைசியில் மகன்களின் தொழிலுக்குச் சலுகை காட்டினார் என்று புகார். விசாரணைப் பேச்சு எழுந்ததும் விலகினார். அப்போது பிரதமர் யார் என்றால், அரியலூருக்காக நாற்காலியை விட்ட அதே சாஸ்திரி.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் பையனுக்கு போன் செய்தேன். வேறு கம்பெனியில் நல்லபடியாக இருக்கிறான். சுற்றிவளைத்து அந்த வெள்ளிக்கிழமைக்கு வந்தேன்.

"அதெல்லாம் பழைய கதைண்ணா, விடுங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஒண்ணு கேக்கணும்ணு நெனச்சிருக்கேன். அப்ரூவ் பண்ணது லாக்ல உங்க பேர்லதானே இருந்துச்சு? யாருமே பாக்கலையா?"

உள்ளே குக்கர் விசில் அடித்தது. அம்மா, அடுப்பை அணைடா என்று கொல்லையிலிருந்து கத்தினாள்.

"இருந்துச்சு" என்றேன். "நான் பாத்தேன்."