தொட்டியும் கடலும்

உயிரொன்றைப் பேணுதல் அறமாகுமா? ஆகும் என்றே உடன் விடை கூறுவோம். ஆனால், அவ்வறம் எவ்வளவு தூரம் செல்லும்?

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் முருகை வளர்ப்போரை எடுத்துக்கொள்வோம். கல்லெனத் தோன்றும் முருகை, உண்மையில் எண்ணற்ற சிற்றுயிர்களின் கூட்டுவாழ்வு. அவற்றின் உடலினுள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக்கொண்டு உணவாக்கி அவற்றுக்கு ஊட்டுகின்றன. நீரின் வெப்பம் 25 பாகை செல்சியஸ் அளவில் நிற்கவேண்டும். உப்பும் கல்சியமும் தளம்பலாகாது. வளர்ப்பவர் ஓயாது அளக்கிறார். மின்சாரம் தடைப்பட்டால் உறக்கம் இழக்கிறார். கிளையொன்று தழைத்தால் முறித்து நண்பருக்கு ஈகிறார்; ஈந்ததும் வளரும், எஞ்சியதும் வளரும். இவ்வன்பைப் போலியெனல் அநீதி.

1998இல் கடல் வெம்மையுற்றபோது ஹிக்கடுவைக் கரையோர முருகைகள் தம் பாசியை இழந்து வெளிறின, பெரும்பகுதி மடிந்தது. வழமைக்கு மேல் ஓரிரு பாகை சில வாரங்கள் நீடித்தாற் போதும், இக்கதி நேர்ந்துவிடும். அவ்வெப்பத்தை எண்ணி உறக்கம் இழந்தோர் எத்தனை பேர்?

சுண்ணாம்புச் சூளைக்கு முருகைக்கல் அகழ்ந்த ஏழையைக் குற்றவாளியாக்குவது எளிது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து, கடலையே சூடேற்றி இலாபம் குவிப்போரைக் கேள்வி கேட்பதுதான் கடினம்.

தனதென்று பேணுவது பற்று. பொதுவென்று பேணுவதே அறம். தொட்டியைக் கவிழ்க்கச் சொல்லவில்லை. ஒரு பாகை வெப்பத்தின் பொருளை அது கற்பித்துவிட்டது. கற்றவர் இனிக் கடலுக்காகவும் பேசட்டும். கடலுக்குச் சொந்தக்காரர் இல்லை. ஆகவே, பொறுப்பு எல்லோருக்கும் உரியது.