சாட்சியத்திற்கு விலை உண்டா?



தேர்தல் நெருங்கும் காலத்தில் ஆலிம்களிடம் வரும் மஸ்அலா ஒன்று உண்டு. அதைச் சபையில் யாரும் கேட்பதில்லை. எல்லோரும் கலைந்த பிறகு, ஓரமாக நின்று, தாழ்ந்த குரலில்தான் கேட்பார்கள். சென்ற தேர்தல் ஒன்றின்போது, எங்கள் தஞ்சைப் பகுதிச் சிற்றூர் ஒன்றில், வயது முதிர்ந்த தாய் ஒருவர் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு மதரஸா வாசலுக்கு வந்தார்கள்.

"ஹஜ்ரத், ராத்திரி வந்து கவருல வச்சுக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. வேணாம்னா, எதிர்க்கட்சின்னு நினைச்சுக்குவாங்க. வாங்கி வச்சிருக்கேன். ஓட்டு என் மனசுக்குச் சரின்னு பட்டவருக்குத்தான் போடப்போறேன். இது ஆகுமா, ஆகாதா?"

"ஆகாது, பெரியம்மா" என்றேன்.

"ஆகாதுன்னு சொல்லிட்டீங்க. ஏன்னு சொல்லலையே?" என்றார்கள்.

அஸர் ஜமாஅத்துக்கு நேரமாகிவிட்டதால் அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த "ஏன்" இன்றளவும் என்னை விடவில்லை. அந்தத் தாய்க்கு நான் கடன்பட்ட பதிலே இக்கட்டுரை.

தஞ்சைக்கு நேர்ந்த தலைகுனிவு

2016 மே 16ஆம் தேதி தமிழகத்தின் 232 தொகுதிகளில் வாக்குப்பதிவு நடந்தது. இரண்டில் நடக்கவில்லை. ஒன்று அரவக்குறிச்சி, மற்றொன்று நம்முடைய தஞ்சாவூர். புயலோ வெள்ளமோ அதற்குக் காரணமன்று. வாக்காளர்களுக்குப் பணமும் பொருளும் வாரி இறைக்கப்பட்டதால் தேர்தல் ஆணையம் முதலில் தேதியைத் தள்ளி வைத்தது; பின்னர் அறிவிப்பையே ரத்து செய்தது. நவம்பர் 19ஆம் தேதிதான் இங்கு வாக்குப்பதிவு நடந்தது. அதுவரை சட்டமன்றத்தில் தஞ்சைக்காகப் பேச ஓர் உறுப்பினர் இல்லை.

அதற்குப் பதினொரு நாள் முன்பு, நவம்பர் 8ஆம் தேதி இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. மே மாதம் வாங்கிய நோட்டை எவரேனும் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தால், அவர் விற்ற பொருளுக்குக் கிடைத்த விலை வெறும் காகிதமாகிப் போயிருக்கும். சிந்திப்பவர்களுக்கு இதில் படிப்பினை உண்டு.

நோய் தஞ்சையோடு நிற்கவில்லை. 2017 ஏப்ரலில் சென்னை ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019 ஏப்ரலில் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் இதே காரணத்தால் ரத்தாயின.

"நம்ம பணம்தானே?"

பணம் வாங்குவோர் சொல்லும் முதல் நியாயம் இது: "அவர்கள் கொள்ளையடித்தது நம் வரிப்பணம். அதில் கொஞ்சம் நமக்கே திரும்பி வருகிறது. வாங்கினால் என்ன?"

ஓர் உதாரணம் சொல்கிறேன். பள்ளிவாசல் உண்டியலை ஒருவன் உடைத்துவிட்டான். மறுநாள் நம் வீட்டுக் கதவைத் தட்டி, "நீங்களும் அதில் போட்டவர்தானே, இந்தாருங்கள் நூறு ரூபாய்" என்று நீட்டுகிறான். நம் பணம் நமக்கு வந்துவிட்டது என்று வாங்கிப் பையில் போடுவோமா? "உண்டியல் பணம் முழுவதையும் பள்ளியில் கொண்டுபோய் வை" என்றல்லவா சொல்வோம்! பொதுப்பணம் களவு போயிருந்தால் அது பொதுவுக்கே திரும்ப வேண்டும். நமக்கென ஒரு கூறு வாங்கிக்கொள்வது களவில் பங்கு கொள்வதே ஆகும்.

வாக்கு யாருடைய சொத்து?

"என் ஓட்டு, என் உரிமை, விற்பேன், விடுவேன்" என்பது அடுத்த நியாயம். இங்கேதான் அடிப்படைத் தவறு நிகழ்கின்றது. "இவர் இப்பொறுப்புக்குத் தகுதியானவர்" என்று நாம் சொல்லும் சொல்லே வாக்கு. மார்க்க அறிஞர்கள் பலர் அதனை ஷஹாதத், அதாவது சாட்சியம் என்றே விளக்கியிருக்கின்றனர். சாட்சியம் சாட்சிக்காரனின் சொத்தன்று. அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அது. சாட்சி தமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாயினும் அல்லாஹ்வுக்காக நீதியின் மீது நிலைத்திருக்குமாறு திருமறையின் 4:135 வசனம் நமக்குக் கட்டளையிடுகின்றது. நம் சொந்த நலனுக்காகவே வளைக்கக் கூடாத ஒன்றை, ஒரு கவருக்காக வளைக்கலாமா?

"இது லஞ்சமன்று, அன்பளிப்பு" என்பாரும் உளர். ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா (ரலி) அவர்கள் திரும்பி வந்து, "இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு" என்று பிரித்து வைத்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தாய் தந்தையர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். புகாரி ஷரீபில் உள்ள செய்தி இது. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வோம். வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இல்லாவிட்டால் அந்தக் கவர் நம் வீட்டு வாசலைத் தேடி வருமா?

மற்றொரு ஹதீஸ் காவிரிக் கரையில் வாழும் நம்மை உலுக்க வேண்டும். மறுமையில் அல்லாஹ் பேசாத, பார்க்காத மூவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஒருவன், தன் தேவைக்கு மிஞ்சிய தண்ணீரை வழிப்போக்கனுக்கு மறுத்தவன். மற்றொருவன், விலை கூட்டுவதற்காக அஸருக்குப் பின் பொய்ச் சத்தியம் செய்தவன். இன்னொருவன், உலக லாபத்துக்காகவே தலைவரிடம் பைஅத் செய்தவன். கிடைத்தால் உறுதியைக் காப்பான், கிடைக்காவிட்டால் கைவிடுவான். மேட்டூர் எப்போது திறக்கும், கடைமடைக்கு எப்போது தண்ணீர் வரும் என்று ஏங்கும் நமக்குத் தண்ணீரை மறுப்பவனின் கொடுமை நன்றாகத் தெரியும். அவனோடு ஒரே வரிசையில், பணத்துக்காக ஆதரவு கொடுப்பவனும் நிறுத்தப்பட்டிருக்கிறானே!

வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி போட்டால்?

அந்தத் தாயின் கேள்வி இதுதான். கடினமான கேள்வியும் இதுவே. கொடுத்தவனுக்கே வாக்களித்தால் சாட்சியத்தை விற்றவராகிறோம். வேறொருவருக்கு அளித்தால், தருவதாகக் காட்டிப் பணம் பெற்று ஏமாற்றியவராகிறோம். இரண்டில் எந்த வழியில் போனாலும் பணம் ஹலால் ஆவதில்லை. நீதிபதி ஒருவர் ஒரு கட்சியிடம் கைநீட்டி வாங்கிவிட்டு, பிறகு நியாயமாகவே தீர்ப்பளித்தாலும் அது லஞ்சமே என்பது ஃபிக்ஹின் நிலை. நியாயம் சொல்வது அவர் மீது ஏற்கனவே கடமை. கடமைக்கு விலை பேசியதுதான் குற்றம்.

நாட்டின் சட்டமும் இவ்விடம் வந்து சேர்ந்திருக்கின்றது. 1998இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பின்படி, பணம் வாங்கி நாடாளுமன்றத்தில் அவ்வாறே வாக்களித்த உறுப்பினர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. வாங்கியும் வாக்களிக்காதவருக்கு அது இல்லை! 2024 மார்ச் 4ஆம் தேதி ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. லஞ்சத்தை ஏற்கும்போதே குற்றம் முழுமையாகிவிடுகிறது, பிறகு எப்படி வாக்களித்தார் என்பது பொருட்டன்று எனத் தெளிவாக்கியது. மக்கள் பிரதிநிதிகளைப் பற்றிய தீர்ப்புதான் அது. ஆனால், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் நமக்கு மட்டும் வேறு நியாயம் எப்படி இருக்க முடியும்?

சத்தியம் வாங்கினால்?

பணம் தருவோர் சில இடங்களில் சத்தியமும் வாங்கிக்கொள்வதாகக் கேள்விப்படுகின்றோம். "சத்தியம் பண்ணிட்டேனே ஹஜ்ரத்" என்று அஞ்சுபவர் அறிய வேண்டியது இது: ஒன்றைச் செய்வதாகச் சத்தியம் செய்தபின் அதைவிடச் சிறந்ததைக் கண்டால், சிறந்ததையே செய்துவிட்டுச் சத்தியத்துக்குப் பரிகாரம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். பத்து ஏழைகளுக்கு உணவளிப்பதோ உடை அளிப்பதோ பரிகாரமாகும். இயலாதவர் மூன்று நாள் நோன்பு நோற்க வேண்டும். கொடுத்தவரே உண்மையில் தகுதியானவர் என்று நம் உள்ளம் சொன்னால் அவருக்கே வாக்களிக்கலாம். பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வார்த்தை

ஏழைத் தாயை மட்டும் கண்டித்துவிட்டு நிறுத்தினால் நான் நீதி செய்தவனாக மாட்டேன். கவர் வாங்கும் வீட்டைப் பழிக்கும் நாம், முஹல்லாவின் வாக்குகளை மொத்தமாக விலை பேசும்போது அதற்கு வேறு பெயர் வைத்துவிடுகிறோம். கபரஸ்தானுக்குச் சுற்றுச்சுவர், பள்ளிக்கு மோட்டார், மதரஸாவுக்கு மின்விசிறி என்று வேட்பாளர் கைப்பணத்தில் வாங்கிக்கொண்டு, "நம்ம ஜனங்க ஓட்டு உங்களுக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்தால், அதுவும் லஞ்சமே. அந்த மின்விசிறியின் கீழ் அமர்ந்து நேர்மையைப் பற்றி பயான் செய்யும் ஆலிமின் நிலை என்ன? இதை எழுதும் நானும் அக்கேள்விக்கு உட்பட்டவனே.

அதற்காக, கோரிக்கை வைப்பதே கூடாதென்பதில்லை. வாய்க்காலைத் தூர்வாருங்கள், ரேஷன் கடையை ஒழுங்குபடுத்துங்கள் என்று ஊர் அறியக் கேட்பது உரிமை. அவற்றின் பலன் எல்லோருக்கும் உரியது. தேர்தல் அறிக்கையில் சொல்லிவிட்டு அரசு வழங்கும் பொருள்களின் நிலையும் வேறு. அத்தகைய வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கையாகா என 2013இல் உச்ச நீதிமன்றம் தமிழக வழக்கொன்றில் கூறியிருக்கின்றது. அவை நல்ல கொள்கையா என்று விவாதிக்கலாம். ஆனால், இரவில் ஒருவர் தம் பையிலிருந்து எடுத்து இன்னொருவர் கையில் திணிப்பதை விவாதிக்க என்ன இருக்கின்றது?

லஞ்சம் பற்றிய சாபத்தில் நபி (ஸல்) அவர்கள் கொடுப்பவனையும் வாங்குபவனையும் சேர்த்தே சொன்னார்கள். இடையில் நிற்பவனையும் சேர்க்கும் அறிவிப்பு ஒன்று உண்டு. நோட்டுப் புத்தகத்தில் வீடு வீடாகப் பெயர் எழுதிக்கொண்டு திரியும் நம் பிள்ளைகளுக்கு, பெற்றோரே, இதை எடுத்துச் சொல்லுங்கள்.

என்ன செய்வது?

முடிந்தவர் வாங்காதிருக்க வேண்டும். கைக்கு வந்துவிட்டால், லஞ்சப் பொருள் வாங்கியவருக்குச் சொந்தமாவதில்லை என்பதால், கொடுத்தவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். உண்மையிலேயே கேடு வரும் என அஞ்சி மறுக்க முடியாதவர், அதைத் தம் செலவோடு கலக்காமல் தனியே வைக்கட்டும். திருப்பிக் கொடுக்க வழியே இல்லையெனில் நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடட்டும். அச்சுறுத்தி வாங்க வைத்தவனின் பாவம் அவனையே சாரும். ஏழையின் வறுமையை அல்லாஹ் அறிவான். அவ்வறுமையைச் சந்தையாக்கியவனையும் அறிவான்.

பெரியம்மா, அன்று நான் சொல்லத் தவறியது இதுதான். அந்தக் கவரில் இருந்த தொகை குறைவென்பதால் நான் வேண்டாமென்று சொல்லவில்லை. லட்சம் ரூபாய் இருந்தாலும் இதுவே என் பதில். நாளை வாய்க்காலில் தண்ணீர் வராதபோது அவர் முன்னால் நின்று கேட்கும் வாயை, அது முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. உங்கள் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, தலை நிமிர்ந்து கேட்கும் வலிமை உங்களிடமே இருக்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் நாவையும் கையையும், நம் சாட்சியங்களையும் காத்தருள்வானாக! ஆமீன்.