பாலாடா வழியே போகும் தண்ணீர்

இந்த ஓடைக்கு ஒரு தலைக்காவிரி கிடையாது. நீலகிரியின் கேத்தியைச் சுற்றியுள்ள சரிவுகளில் அங்கங்கே கசிந்து, தேயிலைக்கு நடுவே வாய்க்காலாகி, படகர்களின் ஊர்களான ஹட்டிகளின் ஓரமாக இறங்கி, பள்ளத்தின் அடியில் ஒன்றுசேர்கிற தண்ணீர்தான் இது. கசியும் இடத்தில் குனிந்து பார்த்தால் ஓட்டமே தெரியாது. சோலை மரத்தின் வேரடியில் பாசி. பாசியின் நுனியில் ஒரு துளி திரண்டு, கனத்து, விழுகிறது. அதே நுனியில் அடுத்த துளி திரள ஆரம்பிக்கிறது. கையை நீட்டினால் விரல் விறைத்துப்போகும்.

மழை ஓய்ந்து மாதங்கள் ஆன பிறகும் இந்தத் துளி விழுகிறது. சோலையின் சருகும் மக்கும் சேர்ந்த கருமண் மழையைக் குடித்துவைத்து, மெல்ல மெல்ல விடுகிறது. பள்ளத்துச் சதுப்பு அதை வாங்கி இன்னும் கொஞ்ச காலம் பிடித்துவைக்கிறது. நீலகிரியின் கிழக்குப் பக்கம் என்பதால் இங்கே ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. அந்த மழையைப் பங்குனி வரை கொண்டுவந்து சேர்ப்பது இந்தச் சதுப்பு. சீகை மரமும் கற்பூர மரமும் நட்ட இடங்களில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது.

*

படகர்கள் சரிவுகளில் சாமையும் ராகியும் விதைத்தார்கள். மாடும் எருமையும் மேய்த்தார்கள். 1830-களின் தொடக்கத்தில் சென்னை கவர்னர் லஷிங்டன் கேத்தியில் அரசுப் பண்ணை ஒன்றை அமைத்தார். ஐரோப்பாவின் காய்கறியும் தானியமும் இந்த மண்ணில் வருமா என்று பார்ப்பதற்கான பண்ணை அது. சில ஆண்டுகளில் மூடிவிட்டார்கள். பிறகு கவர்னரான எல்பின்ஸ்டன் பிரபு அங்கே மாளிகை கட்டினார். அதன்பின் காசாமேஜர் என்ற ஆங்கில அதிகாரி வந்தார். 1846-இல் பாசல் மிஷன்காரர்கள் வந்தார்கள். மாளிகைக் கதையைத்தான் எல்லோரும் விரும்பிச் சொல்கிறார்கள். எனக்கு அந்த மூடிப்போன பண்ணைதான் பெரிதாகத் தெரிகிறது. பண்ணை போய்விட்டது, அது தேடிவந்த காய்கறி தங்கிவிட்டது. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளை என்று பள்ளத்தின் அடிமட்டம் முழுக்க இன்று பாத்திகள். ஓடை அவற்றின் நடுவே ஒடுங்கிப் போகிறது.

*

பள்ளத்து ஊரான கேத்தி பாலாடாவில் விடியும் முன்பே வேலை முடிந்துவிடும். இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்குகிறார்கள். மூட்டைகள் கழுவும் மெஷினுக்கு வருகின்றன. மெஷினின் டிரம் சுழல, மேலிருந்து தண்ணீர் பீய்ச்ச, மண் பூசிய கேரட் ஒன்றோடொன்று உரசிச் செக்கச்செவேலென்று வெளியே விழுகிறது. கீழே வழிவது செம்மண் குழம்பு. லாரி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்புகிறது, குழம்பு ஓடைக்குப் போகிறது. அந்த மண் யாருக்கும் வேண்டாத மண் இல்லை. எருவிட்டு, உரம் போட்டு, தலைமுறையாகக் காப்பாற்றிய மேல்மண். கழுவுகிறவர்களின் கைகள் குளிரில் வெடித்திருக்கின்றன. ஓடையைப் பற்றி எழுதும்போது அந்தக் கைகளை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

பாலாடாவைத் தாண்டியதும் காட்டேரி அணை. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குத் தண்ணீர் தரும் அணை. மண்ணெல்லாம் அங்கே போய் அடைகிறது. அதற்கும் கீழே காட்டேரி அருவி, ஏறத்தாழ 180 அடி. 1900-களின் தொடக்கத்தில், சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, இந்த அருவியிலிருந்தும் மின்சாரம் எடுத்து அதே தொழிற்சாலையை ஓட்டினார்கள். பாசி நுனியில் பார்த்த தண்ணீர் துப்பாக்கி மருந்துக்கு உழைத்திருக்கிறது என்பது இன்னும் என் மனதில் முழுதாகப் பதியவில்லை. அருவியை விட்டு இறங்கியபின் குன்னூர் ஆற்றோடு சேர்ந்து, மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் கலக்கிறது.

*

2009 நவம்பர் 10 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் பெய்த மழை 82 செ.மீ. தமிழகத்தின் பல ஊர்களுக்கு ஓராண்டு முழுதும் பெய்கிற அளவு அது. மலைச்சரிவுகள் பிளந்து வீடுகள் மேல் விழுந்தன. மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று ஓடை சீறியது, வெறிகொண்டது என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அத்தனை மழையையும் சதுப்பு தாங்கியிருக்கும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் பள்ளத்தில் வந்து சேர்ந்த தண்ணீர் விரிந்து நிற்க இடம் தேடியது. அந்த இடத்தில் பாத்திகளும் சாலையும் சுவர்களும் இருந்தன.

*

கேரட் கழுவிய தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, மண்ணை அடியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஓடையில் விடலாம். அடியில் தங்கும் மண் தோட்டத்துக்கே திரும்பும். கரையின் இரண்டு பக்கமும் கோரை வளர, தண்ணீர் விரிய, கொஞ்சம் நிலத்தை உழாமல் விடுவதுதான் கடினம். அது யாரோ ஒருவரின் பாத்தி, ஒரு போகக் கேரட்டின் காசு, பிள்ளையின் காலேஜ் ஃபீஸ். சொந்த நிலத்தைச் சும்மா போடு என்று அவரிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்தக் காசை அவருக்குக் கொடுத்துவிட்டுக் கேட்கலாம். கொடுக்க வேண்டியவர்கள் கேத்தியில் மட்டும் இல்லை. பவானித் தண்ணீரைக் குடிக்கிற, அதில் பயிர் வைக்கிற சமவெளிக்காரர்கள் எல்லோரும் அதில் சேர்த்திதான்.