‘கூடும்’ என்னும் சொல்

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு மாலை, சித்தேரி மலையைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி நம் பங்கு இல்லத்திற்கு வந்தாள். மலையடிவாரத்து விடுதியொன்றில் நம் கண்காணிப்பில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்தவள். பின்னர் வெளியூரில் உயிர்வேதியியல் முதுகலை கற்றுத் தேறியவள். அவள் கையில் வெளிமாநில ஆய்வுக்கூடம் ஒன்றின் பணி அறிவிப்பு இருந்தது. காற்று மாசுக்கும் முதுமை மறதிநோய்க்கும் இடையே இருக்கக்கூடிய தொடர்பை ஆராய உதவியாளர் தேவை என்பது அதன் சாரம். நாம் அதனைப் படித்து முடிக்குமுன்பே மகிழ்ந்து, “போய் வா அம்மா, இது மனித குலத்திற்குச் செய்யும் தொண்டு” என்று சொல்லிவிட்டோம். கேள்வி முடியுமுன் விடை சொல்லிவிடுவது பங்குத் தந்தையர் பலருக்குள்ள குறை, நமக்கும் உண்டு.

அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, “‘இருக்கக்கூடிய’ன்னுதான் ஃபாதர் போட்டிருக்காங்க. இருக்குதா இல்லையான்னே தெரியாத ஒண்ணுக்காக, எங்க ஆயாவ விட்டுட்டுப் போறது சரிங்களா?” என்று கேட்டாள்.

அவளுடைய ஆயாவை நாம் அறிவோம். அரூர்ப் பக்கமிருந்து மலையேறினால் சாமையும் தினையும் விளையும் சரிவுகளுக்கிடையே சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுள் ஒன்றில் அவர்கள் வீடு. அங்கு வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். (பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ண வேண்டா, அவர்கள் தமிழ் பேசுவோர், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களது மரபுக் கதை.) ஒருமுறை நாம் அவ்வீட்டிற்குச் சென்றபோது அந்த மூதாட்டி அடுப்படியில் அமர்ந்து ஊதாங்குழலால் ஊதிக் கொண்டிருந்தார். அடுப்பில் நெருப்பு இல்லை, விறகும் இல்லை, நாள்பட்ட சாம்பல் மட்டுமே இருந்தது. வீட்டிற்கு எரிவாயு அடுப்பு வந்து ஆண்டுகள் சில ஆகியிருந்தன. பேத்தியின் பெயர் அவருக்கு நினைவில்லை. மகனைத் தம் தமையன் என்று எண்ணி ‘அண்ணா’ என்று அழைக்கிறார். விடிந்ததும் அடுப்பை மூட்ட வேண்டும் என்பது மட்டும் அவரை விட்டு அகலவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவர் அப்புகையின் நடுவே அமர்ந்திருந்தவர்.

மலைக்காற்று தூயது, மாசு நகரத்தார் கவலை என்று நம்முள் பலர் எண்ணுகிறோம். 2019-இல் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டமும் நகரங்களையே கணக்கில் கொண்டது. நம் மாநிலத்தில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகியவை அதில் உள்ளன. ஆனால் சன்னலில்லாத ஒரு குடிசையின் அடுப்படிக்குள் எழும் புகை எந்த நகரின் கணக்கிலும் வராது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சீ’ சுற்றுமடல், காற்று மாசைப் பற்றிப் பேசத் தொடங்கும் இடத்திலேயே ஏழைகளின் சமையல் புகையைக் குறிப்பிடுகிறது. அப்பகுதியை வேகமாகப் படித்துக் கடந்தவர்களுள் நாமும் ஒருவர்.

அறிவியல் இதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? மயிரிழையின் பருமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நுண்துகள்கள் நுரையீரல் வழியாகக் குருதியில் கலக்கின்றன. அவற்றினும் மிக நுண்ணியவை மூக்கிலிருந்து மணமறியும் நரம்பின் வழியே நேரே மூளைக்கும் ஏறக்கூடும் என்கின்றனர். மெக்சிகோ நகரின் தெருநாய்களுடைய மூளையில் முதுமை நோயின் சாயலைக் கண்டு, இருபது ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்தவர் லிலியன் கால்தெரோன் கார்சிதுவெனாஸ் என்னும் பெண் மருத்துவர். 2016-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்து பார்பரா மேகரும் அவர் குழுவினரும், மெக்சிகோ நகரிலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்த 37 பேரின் மூளைத் திசுவில் இரும்புக் காந்தத் துகள்களைக் கண்டனர். கடும் வெப்பத்தில் உருகிப் பிறந்தவை போல் அவற்றுட் பல உருண்டையாக இருந்தன. ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2020-இல் காற்று மாசையும் மறதிநோயின் தவிர்க்கத்தக்க காரணிகளுள் சேர்த்தது. 2024-இல் அது வெளியிட்ட அறிக்கை 14 காரணிகளைச் சொல்லி, அவற்றை அகற்ற முடிந்தால் நூற்றுக்கு 45 வரை மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ இயலும் என்கிறது. அதில் காற்று மாசின் பங்கு 3. போதிய பள்ளிக் கல்வி இல்லாமையின் பங்கு 5.

இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது நாம் சற்று நின்றுவிட்டோம். சித்தேரி மூதாட்டிக்குப் பள்ளியும் இல்லை. தூய காற்றும் இல்லை. ஆய்வாளரின் இடர்ப்பாடும் இங்கேதான் தொடங்குகிறது. விறகு எரிப்பவள் பெரும்பாலும் ஏழை. ஏழை பெரும்பாலும் படிக்காதவள். சத்துள்ள உணவும் மருத்துவமும் கிட்டாதவள். அவளது நினைவு மங்கியதற்குப் புகை காரணமா, எழுத்தறியாமை காரணமா, பசி காரணமா? ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நூல்களைப் பிரித்தெடுப்பதே அந்த ஆய்வுக்கூடத்து வேலை. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தை அடுத்த கோலார் மாவட்டத்தில், சீனிவாசபுரம் வட்டத்துச் சிற்றூர்களில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து மூளை ஆய்வு மையம் 45 வயதைக் கடந்த உழவர் பெருமக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. அத்தரவுகளைக் கொண்டு 2025-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, புகை மிகுந்த எரிபொருளில் சமைப்போர் அறிவாற்றல் சோதனைகளில் பின்தங்குவதையும், அவர்களுள் பெண்களுக்கு நினைவைப் பேணும் மூளைப் பகுதி சிறுத்திருப்பதையும் காட்டிற்று. இருப்பினும் அது ‘காரணம்’ என்று சொல்லவில்லை. ‘தொடர்பு’ என்றே சொன்னது. எலிகளுக்கு மாதக்கணக்கில் துகள்களைக் கொடுத்து மூளையைப் பார்க்கும் ஆய்வுக்கூடங்கள் இவ்விரு சொற்களுக்கும் இடையேயுள்ள பள்ளத்தைத் தூர்க்கவே முயல்கின்றன.

ஆக, ‘கூடும்’ என்பதுதான் இன்றைய நிலை. இந்தச் சொல் மனச்சான்றின்மேல் என்ன கடமையைச் சுமத்துகிறது?

குருத்துவக் கல்லூரியில் அறநெறி இறையியல் கற்றபோது, ‘நிகழ்தகவுக் கோட்பாடு’ என்ற பாடம் நமக்கு உறக்கத்தையே வரவழைத்தது. ஒரு செயல் குற்றமா அன்றா என்பது ஐயமாக இருக்கையில், குற்றமன்று என்பதற்கு நல்ல காரணம் இருந்தால், எதிர்ப்பக்கத்தில் அதனினும் வலிய காரணம் இருப்பினும், அதனைச் செய்யலாம் என்று 1577-இல் சாலமங்காவின் தோமினிக்கத் துறவி மெதினா எழுதினார். அதனைப் பிடித்துக்கொண்டு எதற்கும் இடமளித்தோர் எழுந்தனர். எதற்கும் இடமளியாதோரும் எழுந்தனர். நூறாண்டுகளுக்கு மேல் நீண்ட அச்சச்சரவிற்கு நடுவழி கண்டவர் புனித அல்போன்ஸ் லிகோரியார். அதிலெல்லாம் நம் நினைவில் நின்றது ஒரு வேடனின் கதை மட்டுமே. புதருக்குள் ஏதோ அசைகிறது. மானாக இருக்கலாம், மனிதனாகவும் இருக்கலாம். மான்தான் என்பதற்கே காரணங்கள் மிகுதி. வேடன் எய்யலாமா? எய்யலாகாது என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டனர். சட்டம் பற்றிய ஐயத்தில் உரிமைக்கு இடமுண்டு. பிறன் உயிருக்கு வரும் தீங்கைப் பற்றிய ஐயத்தில் பாதுகாப்பான வழியே வழி.

புகைக்கும் இது பொருந்தும் என்பது நம் துணிபு. உறுதி கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லும் அரசும் ஆலையும் அம்பை எய்துவிட்டுப் புதரை விலக்கிப் பார்க்கச் சொல்கின்றன. காற்றிலுள்ள நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. நம் நாடு 2009-இல் வகுத்த வரம்போ 40. மேலும், நுரையீரலுக்கும் இதயத்திற்கும் புகை செய்யும் கேட்டில் ‘கூடும்’ என்ற சொல்லுக்கே இடமில்லை, அது நிறுவப்பட்டது. மூளையைப் பற்றிய ஐயம் தீராவிட்டாலும் மலைச் சிற்றூர்களுக்கு எரிவாயு உருளை ஏற வேண்டும். ஏறினால் மட்டும் போதாது, அடுத்த உருளையை வாங்கும் நிலையும் அங்கே இருக்க வேண்டும். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் வழங்கப்பட்டன. ஆயினும் காலி உருளையை மூலையில் நிறுத்திவிட்டு மீண்டும் விறகுக்குப் போன வீடுகளைப் பங்குப் பணியில் நாம் கண்டிருக்கிறோம்.

எப்படியும் செயல்பட வேண்டும் என்றால் ஆய்வுக்கூடம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். அந்தப் பெண்ணும் கேட்டாள். நமக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னோம். சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் முனைவர் கல்பனா பாலகிருஷ்ணன் பல்லாண்டுகளாக ஊர்ப்புறச் சமையல் புகையை அளந்து வருபவர். அந்நிறுவனமும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வொன்றில், விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் கருவுற்ற பெண்கள் ஏறத்தாழ 3,200 பேரில் ஒரு பாதியினருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகக் கொடுத்தனர். அவர்கள் சுவாசித்த துகள்கள் வெகுவாகக் குறைந்தன. பிறக்கும் குழந்தைகளின் எடை கூடும் என்று எதிர்பார்த்தனர். குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. 2022-இல் அதனை அப்படியே வெளியிட்டனர். தாம் விரும்பியது கிடைக்கவில்லை என்று உலகறியச் சொல்வதற்கு நம் மறையுரை மேடைகளில் நாம் காணாத ஒரு துணிவு வேண்டும். புகை தீயது என்பது அதனால் பொய்யாகிவிடவில்லை. எப்போது, எந்த வயதில், எவ்வளவு குறைத்தால் பயன் என்பது மட்டும் நாம் எண்ணியதைவிட ஆழமான கேள்வி என்று தெரிந்தது. பாதுகாப்பான வழி எது என்பதையே சோதித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. ஆகவே செயல்படுபவன் ஐயத்திற்காகக் காத்திருக்கலாகாது. ஆராய்பவளோ ஐயத்தைக் கைவிடலாகாது.

இவ்விடத்தில் நாம் செய்த பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இச்செய்திகளை அரைகுறையாகப் படித்த புதிதில், அந்த மூதாட்டியின் மகனிடம், “இந்த விறகுப் புகைதான் அம்மாவை இப்படி ஆக்கியிருக்கும்” என்று சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. பல மாதங்கள் கழித்து, “எரிவாயு வாங்க அப்பவே காசு இருந்துச்சுங்க சாமி, மாடு வாங்கிட்டேன்” என்றார். அத்தனை மாதமும் அதனைச் சுமந்திருக்கிறார். தாயைக் கெடுத்தவன் தானே என்று ஒரு மகன் எண்ணும்படி, ‘கூடும்’ என்று மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் நாம் ‘ஆம்’ என்றுவிட்டோம். ஓர் ஐயம் தீங்கைத் தவிர்க்கப் போதுமானது. ஒருவரைக் குற்றவாளியாக்கப் போதாது. அந்த மாட்டின் பாலில்தான் பேத்தி படித்தாள் என்பதையும், ஒரு தனி மனிதரின் நோயை ஒரு தனிக் காரணத்தில் ஏற்ற எந்த ஆய்வாலும் இயலாது என்பதையும் பின்னர் அவரிடம் சொன்னோம். அவர் தலையசைத்தார். நம்பினாரா என்பது வேறு.

பேத்தியின் கேள்வி இன்னும் மீதமிருந்தது: ஆயாவை விட்டுப் போவது சரியா? 2023-இல் வெளிவந்த தேசிய மதிப்பீட்டின்படி நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோருள் 88 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்கின்றனர். ஆண்களைவிடப் பெண்களும், நகரத்தாரைவிட ஊர்ப்புறத்தாரும் மிகுதி. ‘அந்த 88 இலட்சத்திற்காகப் போ’ என்று சொல்லிவிடலாம். ஆனால் குளிப்பாட்டப்பட வேண்டியவர் ஒருவரே. அந்த ஒருவர் எண்ணிக்கைக்குள் அடங்குபவர் அல்லர். நினைவிழந்தவர் ஆளுமையையும் இழந்தவர் என்று மெய்யியலார் சிலர் சொல்வதுண்டு. நம் விசுவாசம் அதனை ஏற்பதில்லை. மனிதரின் மாண்பு அவர் எதை நினைவில் வைத்திருக்கிறார் என்பதில் இல்லை. அவர் இறைவனால் நினைக்கப்படுகிறார் என்பதில் இருக்கிறது. ஆகவே நாம் இரண்டாம் முறை அவளுக்கு அறிவுரை சொல்லவில்லை, “வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டோம். தாயார் இருக்கிறார், அவர் பகலில் வேலைக்குப் போகிறவர். கணவரை இழந்த அத்தை ஒருவர் கீழ்ச் சிற்றூரில் தனியாக இருக்கிறார். அத்தையை வீட்டோடு வரவழைப்பது, சம்பளத்தில் ஒரு பகுதியை அவருக்கு மாதந்தோறும் அனுப்புவது என்று குடும்பமாகப் பேசி முடிவு செய்தார்கள். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வருவதாகச் சொல்லி அவள் புறப்பட்டாள்.

இப்போது தொலைபேசியில் பேசுகிறாள். எலியும் நுண்ணோக்கியும் இருக்கும் என்று எண்ணிப் போனவளுக்கு முதல் ஆறு மாதமும் வடிதாள் நிறுக்கும் வேலைதானாம். ஊர்ப்புறச் சமையலறைகளில் வைத்தெடுத்த வட்டத் தாள்களை, வைப்பதற்கு முன் ஒருமுறை, எடுத்த பின் ஒருமுறை, வெப்பமும் ஈரமும் மாறாத அறையில் நிறுக்க வேண்டும். வேறுபாடு ஒரு கிராமின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. மூச்சுக் காற்றுப் பட்டாலும் தராசு அசையுமாம். வெள்ளையாகப் போகும் தாள் கறுத்துத் திரும்புகிறது என்றாள். எந்த வீட்டுத் தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. எண் மட்டும் இருக்கும்.

சித்தேரியில் ஆயா இன்னும் விடியற்காலையில் எழுந்து ஊதாங்குழலைத் தேடுகிறாராம். முன்பு அதனை ஒளித்து வைத்திருந்தார்கள். அத்தை வந்த பிறகு எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறாராம். சிறிது நேரம் ஊதிவிட்டு, சோறு ஆகிவிட்டதா என்று கேட்பாராம். ஆகிவிட்டது என்று சொல்லிச் சாப்பிட அழைத்துப் போகிறார்கள்.