விலைபோன நாக்கு

பெரும் செல்வரான தொழிலதிபர் ஒருவர் உணவகத்தில் அமர்ந்திருக்கிறார். தம் தட்டில் இருப்பதைச் சுவைத்துப் பார்த்துச் சொல்லும்படி அங்கே பரிமாறும் இளைஞனைக் கேட்கிறார். அவன் சுவைக்கிறான், சொல்கிறான். அவன் சொன்ன நயத்தில் மயங்கி, கைநிறையச் சம்பளம் பேசித் தமக்கென்றே சுவை பார்ப்பவனாக அவனை அமர்த்திக்கொள்கிறார். பெர்னார் ராப் இயக்கி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'உன் அஃபேர் த கூ' என்ற பிரெஞ்சுத் திரைப்படம் இப்படித் தொடங்கும் உறவு குற்ற விசாரணை வரை சென்ற கதையைச் சொல்கிறது. செல்வர் பெயர் தெலாமோன், இளைஞன் நிக்கோலா.

அரசர்களுக்குச் சுவை பார்ப்போர் அன்றும் இருந்தனர். உரோமைப் பேரரசர் கிளாடியுசிடம் ஹாலோத்துஸ் என்பவர் அப்பணியைச் செய்தார், ஆயினும் கி.பி. 54-இல் பேரரசர் இறந்தபோது நஞ்சு என்றே ஊர் பேசியது. அத்தகைய பணியாள் தன் உயிரைப் பணயம் வைத்தான். ஆனால் அவன் நாக்கு அவனுடையதாகவே இருந்தது. அரசருக்குப் பிடித்தது அவனுக்கும் பிடிக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை.

தெலாமோன் அஞ்சியது நஞ்சுக்கு அன்று. மீனும் பாலாடைக்கட்டியும் அவருக்கு ஆகாது. அந்த அருவருப்பு நிக்கோலாவுக்குள்ளும் புக வேண்டும் என்பதே அவர் ஆசை. தம்மைப் போலவே விரும்பி, தம்மைப் போலவே வெறுக்கும் இரண்டாவது 'தாம்' ஒருவரை அவர் உருவாக்கப் பார்க்கிறார். இளைஞனின் நண்பர்களும் காதலியும் மெல்ல மெல்ல எட்டிப் போகின்றனர்.

இதில் தவறு எங்கே இருக்கிறது? யாரும் யாரையும் கட்டி இழுத்துச் செல்லவில்லை. ஊதியமும் குறைவில்லை. நிக்கோலாவும் வெறும் அப்பாவி அல்லன். தான் இவ்வளவு தேவைப்படுவதில் அவனுக்கும் ஒரு போதை இருந்தது. இருவரும் மனமொத்துச் செய்த ஒப்பந்தத்தில் நமக்கென்ன வேலை என்று கேட்பவர் இன்று பலர்.

1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் ஏறத்தாழ இதே கேள்வியைத் தொடுகிறது. மனித மாண்பைப் பிறர் மீறலாகாது என்பதோடு அது நிற்கவில்லை. தன் ஆன்மாவை அடிமைப்படுத்த ஒப்புக்கொள்ளும் உரிமை அம்மனிதனுக்கே இல்லை என்றும் கூறுகிறது. ஆலைத் தொழிலாளரை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட சொற்கள் விருந்து மேசைக்கும் இவ்வளவு பொருந்தும் என நாம் எண்ணியதில்லை. உழைப்பை விற்கலாம், நேரத்தையும் விற்கலாம். எதை விரும்புவது, எதை வெறுப்பது என்பதையும் சேர்த்து விற்றபின், விற்றவன் என்று சொல்ல அங்கே யார் மிஞ்சுகிறார்?

தலையான பாவங்களுள் போசனப்பிரியமும் ஒன்று என மறைக்கல்வியில் படித்தோம். பருத்த வயிறே நம் கண்முன் வந்தது. புனித பெரிய கிரகோரியார் அதனை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். மிகுதியாக உண்பது அவற்றுள் ஒன்று மட்டுமே; உணவு நுட்பமாகச் சமைக்கப்பட வேண்டும் என்ற ஓயாத பிடிவாதமும் அதில் அடங்கும். தெலாமோன் இங்கே சரியாகச் சிக்குகிறார். ஆயினும் இப்பட்டியலும் போதவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. அது மனிதனுக்கும் உணவுக்கும் உள்ள உறவைப் பேசுகிறது. தெலாமோன் மேசையில் உண்ணப்படுவதோ ஒரு மனிதன்.

அன்புள்ள இடங்களிலும் சுவை மாறத்தானே செய்கிறது என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். மீன் குழம்பில் நடுத்துண்டங்களைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, "எனக்குத் தலைதான் பிடிக்கும்" என்று சொன்ன அன்னையரை நாம் அறிவோம். அவர்கள் சொன்னது மெய்யா பொய்யா என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. ஆனால் அதை அவர்களாகவே சொன்னார்கள். எவரும் அவர்களை அப்படிச் சொல்லப் பழக்கவில்லை. நடுத்துண்டம் வேண்டும் என்று ஒருநாள் கேட்டிருந்தால் வீடு இடிந்திருக்காது. நிக்கோலா ஒருநாள் மீனை விரும்பி உண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மீனைப் பற்றிப் பேசும்போது யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடலோரத்தில் கரிநெருப்பு மூட்டி, சீடர்களுக்காக மீனும் அப்பமும் ஆயத்தம் செய்திருந்தார். உணவு அங்கே ஏற்கெனவே இருந்தது. இருந்தும், அவர்கள் அப்போது பிடித்த மீன்களிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொன்னார்.